தீர்வா? கரைசலா? ஒரு ஹெவி மெற்றல் பாடலின் பொருள்



ஒரு பாடலின் பொருளைத் தீர்மானிப்பவர் யார்? எழுதியவரா, பாடியவரா, அல்லது கேட்டவரா? கவிதை வகுப்புகளிலே அடிக்கடி எழும் கேள்வி இது. அங்கே விடை எதுவானாலும் எவருக்கும் நட்டமில்லை. ஆனால், இதே கேள்வி 1980களிலே ஐக்கிய அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. தம் மகனை இழந்த பெற்றோர் ஒரு பாடகர் மீதும் இசைத்தட்டு நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கிலே பெரிதும் பேசப்பட்டது ஒரு பாடல். அதன் தலைப்பிலே இரு பொருள் தரும் ஒரு சொல் இருந்தது. அந்தப் பாடலையும் அதற்குக் கூறப்பட்ட வெவ்வேறு விளக்கங்களையும் இன்று பார்ப்போம்.

ஹெவி மெற்றல் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது காதைப் பிளக்கும் கிற்றார் ஒலியும், நீண்ட தலைமுடியும், கறுப்பு உடையுமே. அவ்விசைக்குப் பாடல் வரிகளும் உண்டு என்பதையோ, அவற்றைக் கவிதையாக வைத்துப் பேசுவோர் உண்டு என்பதையோ நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விசையின் முன்னோடிகளுள் ஒன்று பிளாக் சபத் என்ற குழு. இங்கிலாந்தின் தொழில் நகரமான பேர்மிங்ஹாமிலே 1968இல் உருவாகி, 1970இல் தனது முதலாவது இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பாடகர் ஓஸி ஒஸ்போர்ண். 1979இல் அவர் அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார். குடியும் போதைப் பொருளும் அதற்கு முக்கிய காரணங்கள். அடுத்த ஆண்டிலேயே புதிய குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு 'பிளிஸார்ட் ஒப் ஓஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். நாம் பேசவிருக்கும் 'சூசைட் சொலூஷன்' என்ற பாடல் இடம்பெற்றது அதிலேதான். ஒஸ்போர்ண், பேஸ் கிற்றார் வாசித்த பொப் டெய்ஸ்லி, கிற்றார் கலைஞர் றண்டி றோட்ஸ் ஆகிய மூவரின் பெயரிலே அது வெளிவந்தது.

முதலில் தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'சூசைட்' என்பது தற்கொலை. 'சொலூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கோ இரு பொருள் உண்டு. ஒரு சிக்கலுக்குக் காணும் தீர்வும் சொலூஷன். இரசாயன வகுப்பிலே நாம் படித்த கரைசலும் சொலூஷன். தற்கொலையே தீர்வு என்றும் இத்தலைப்பை வாசிக்கலாம். உயிரைக் கொல்லும் திரவம் என்றும் வாசிக்கலாம். முதலாவது வாசிப்பிலே பாடல் ஆபத்தான ஓர் அறிவுரையாகிறது. இரண்டாவது வாசிப்பிலே அது மதுபானத்தைச் சுட்டி, குடி என்பது போத்தலில் அடைத்த தற்கொலை என்று எச்சரிக்கிறது.

சிலேடை நமக்குப் புதியதல்ல. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவிலே பொருள் பொருத்திக் காட்டியவர் காளமேகப் புலவர். ஆனால் அங்கே இரு பொருளும் சமமாக நின்று கேட்பவரை மகிழ்விக்கும். இங்கே ஒரு பொருள் மற்றப் பொருளுக்கு நேர் எதிராக நிற்கிறது. தமிழிலே இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல் இல்லை. ஆகவே இத்தலைப்பை மொழிபெயர்க்க முனையும் ஒருவர், 'தீர்வு' என்றோ 'கரைசல்' என்றோ எழுதும் அக்கணமே ஒரு கட்சியிற் சேர்ந்துவிடுகிறார்.

சரி, படைத்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ஏ.சி.-டி.சி. என்ற குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரியில் லண்டனிலே அளவு மீறிக் குடித்ததன் பின் இறந்தார். அவரை நினைத்தே இப்பாடல் பிறந்தது என்று ஒஸ்போர்ண் கூறிவந்தார். ஆனால் வரிகளிற் பெரும்பாலானவற்றை எழுதியவர் பொப் டெய்ஸ்லி. அவர் கூறிய கதை வேறு. தம் கண் முன்னாலேயே குடித்துக் குடித்துத் தன்னை அழித்துக்கொண்டிருந்த ஒருவரை மனதிற் கொண்டே தாம் எழுதியதாக அவர் சொன்னார். அந்த ஒருவர் ஒஸ்போர்ண்தான்!

எழுதியவர் ஒருவரை நினைத்து எழுதுகிறார். பாடியவர் இன்னொருவரை நினைத்துப் பாடுகிறார். பாடியவருக்கு அது இறந்துபோன நண்பருக்கான இரங்கல். எழுதியவருக்கு அது உயிரோடிருக்கும் நண்பருக்கான எச்சரிக்கை. தன்னைப் பற்றிய எச்சரிக்கையை மற்றொருவர் பற்றியது என்று நம்பிக்கொண்டு மேடை மேடையாகப் பாடிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருவருடைய விளக்கங்களும் ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றன. பாடல் குடியைப் பற்றியது என்பதே அது.

மூன்றாவது விளக்கம் துயரம் நிறைந்தது. 1984 ஒக்ரோபரில் கலிபோர்னியாவிலே 19 வயது இளைஞர் ஒருவர், ஒஸ்போர்ணின் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்த இரவிலே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் பாடலை எடுத்துப் பார்த்தார்கள். தலைப்பு அவர்களுக்கு ஒரே பொருளைத்தான் தந்தது. பாடலின் இடையே வரும் 28 விநாடி இசைப்பகுதியிலே, சாதாரண பேச்சைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில், அச்சிலே தரப்படாத சொற்கள் மறைந்து ஒலிக்கின்றன என்றும் அவை தற்கொலையைத் தூண்டுகின்றன என்றும் அவர்கள் முறையிட்டார்கள்.

இவ்வாறு முறையிட்டவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. பிள்ளையை இழந்தவர் காரணம் தேடுவார். கையிலே கிடைத்த கடைசிச் சான்று ஒரு பாடலாக இருந்தால் அதைத்தான் ஆயிரந்தடவை கேட்பார். அவருடைய வாசிப்பு வேதனையிலிருந்து பிறந்த வாசிப்பு. ஆயினும் வேதனையின் உண்மை வேறு; பாடலின் பொருள் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே திறனாய்வாளரின் கடினமான பணி.

இனிப் பாடலுக்குள்ளே செல்வோம். மது வகைகளை ஒப்பிட்டுப் பேசுவதோடுதான் அது தொடங்குகிறது. முழுப்பாடலும் 'நீ' என்று ஒருவனை முன்னிலைப்படுத்தியே செல்கிறது. அவன் குடியிலே மூழ்கித் துயரை மறக்கப் பார்ப்பவன். நாளை என்ற ஒன்றை இழந்துகொண்டிருப்பவன். இடையிலே, தப்பிச் செல்ல வழி தற்கொலை ஒன்றே என்ற கருத்துப்பட ஓர் அடி வருகிறது. பெற்றோரின் குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்க்கும் அடி அது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அடுத்து வருவது ஒரு வினா. இதன் உண்மையான தாற்பரியம் உனக்குத் தெரியவில்லையா என்ற பாங்கிலே அமைந்தது அது. முதல் அடியை மாத்திரம் பிடுங்கி எடுத்தால் ஒரு பொருள்; அடுத்த வினாவோடு சேர்த்துக் கேட்டால் மறு பொருள்.

இங்கே நமது அகப்பாடல் மரபு நமக்குக் கைகொடுக்கும். குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் படிக்கும்போது நாம் முதலிற் கேட்பது, இது யார் கூற்று என்பதைத்தான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா என்று தெரியாமற் பொருள் சொல்ல முற்பட்டால் பாட்டுத் தலைகீழாகிவிடும். அந்தப் பாத்திரத்தின் சொற்களைப் புலவரின் அறிவுரை என்று எவரும் கொள்வதில்லை. 'சூசைட் சொலூஷன்' பாடலிலும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். தற்கொலை ஒன்றே வழி என்று பேசுவது யார்? குடிகாரனின் சோர்ந்த மனமா? அவனை ஏளனம் செய்யும் போத்தலா? அல்லது பாடகரா? முழுப்பாடலையும் வைத்துப் பார்த்தால், அழிந்துகொண்டிருக்கும் ஒருவனின் மனக்குரலை அவனுக்கே திருப்பிக் காட்டுவதாகவே அது எனக்குப் படுகிறது. ஆனால் பாடலிலே 'குடிகாரன் கூற்று' என்ற குறிப்பு எதுவும் இல்லை. இரைச்சலான இசையிலே, ஓர் அடி மட்டும் காதில் விழும் ஒருவருக்கு அந்தக் குறிப்பைத் தரவும் எவருமில்லை. ஆகவேதான் இத்தனை குழப்பம்.

நீதிமன்றம் என்ன சொன்னது? வழக்குத் தள்ளுபடியாயிற்று. கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் அம்முடிவை உறுதி செய்தது. உடனடியாக ஒரு செயலைச் செய்யுமாறு தூண்டும் நோக்கமும், அச்செயல் நிகழும் வாய்ப்பும் இருந்தாலன்றிக் கலை வெளிப்பாட்டைத் தண்டிக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்து வெளியிட்ட பாடல் அத்தகைய தூண்டுதலாகாது என்பது அதன் நிலைப்பாடு. இலக்கிய மாணவர்களுக்குச் சுவையான ஒரு கருத்தும் தீர்ப்பிலே உண்டு. பாடல் வரிகளும் கவிதை மரபுகளும் உருவக வெளிப்பாடுகள் என்பதை அறிவுடையோர் புரிந்துகொள்வர், அவற்றை நேரடிக் கட்டளையாகக் கொள்ளமாட்டார் என்று நீதிமன்றம் கூறிற்று. அந்த இளைஞர் மதுப் பழக்கத்தாலும் மனச் சிக்கல்களாலும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தார் என்பதும் தீர்ப்பிலே குறிப்பிடப்பட்டது. குடியின் கேட்டைச் சொல்ல எழுந்த பாடல், அக்கேட்டிலே சிக்கியிருந்த ஒருவரை எச்சரிக்கையாகச் சென்றடையவில்லை. இந்த வழக்கிலே என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இதை ஒத்த இன்னொரு வழக்கு 1990இல் நெவாடா மாநிலத்தின் றீனோ நகரில் நடைபெற்றது. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டது ஜூடாஸ் பிறீஸ்ற் என்ற பிரித்தானியக் குழு. பாடலிலே மறைவான கட்டளை ஒன்று புதைந்திருப்பதாகக் கூறப்பட்டது. கேட்டதாகச் சொல்லப்பட்ட ஒலி, கிற்றார் ஒலியும் பாடகரின் மூச்சொலியும் தற்செயலாகச் சேர்ந்ததால் உண்டானது என்று நீதிபதி கண்டார். குழு பொறுப்பாளியல்ல என்று தீர்ப்பாயிற்று. தேடும் காதுக்குத் தேடியது கேட்கும் என்பதற்கு இது சான்று.

இதே உண்மையை அமெரிக்க செனற் சபைக் குழுவின் முன்னே எடுத்துச் சொன்னவர் ருவிஸ்ற்றட் சிஸ்ற்றர் குழுவின் டீ ஸ்னைடர். பாடல்களிலே வன்முறையும் ஆபாசமும் பெருகிவிட்டதாகக் குரல் எழுப்பிய பெற்றோர் அமைப்பு ஒன்றின் முயற்சியை ஒட்டி, 1985 செப்ரெம்பர் 19இல் அவ்விசாரணை நடந்தது. அவ்வமைப்பின் முன்னணி உறுப்பினரான ரிப்பர் கோர், ஸ்னைடரின் 'அண்டர் த பிளேட்' என்ற பாடல் பாலியல் வன்முறை பற்றியது என்று கூறியிருந்தார். கட்டுண்டு கிடத்தல், பளபளக்கும் கத்தி, அச்சம் எல்லாம் அதிலே உண்டல்லவா? ஸ்னைடர் அளித்த விளக்கம் சபையை வியக்க வைத்திருக்க வேண்டும். தம் குழுவின் கிற்றார் கலைஞர் தொண்டையிலே சத்திரசிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன் அவர் கொண்ட அச்சமே பாடலின் பொருள், கத்தி வைத்தியருடையது! வன்முறையைத் தேடியவர் வன்முறையைக் கண்டார், சத்திரசிகிச்சையைத் தேடியிருந்தால் அதையும் கண்டிருப்பார் என்பது அவரது வாதம்.

அப்படியானால் யார் எந்தப் பொருளைச் சொன்னாலும் சரியா? இங்கேதான் நிதானம் தேவை. படைப்பாளி மனதிலே கொண்ட நோக்கத்தை வைத்துப் படைப்பை மதிப்பிடுவது ஒரு மயக்கம் என்று விம்ஸற், பியட்ஸ்லி என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் இருவர் 1946இல் எழுதினர். ஆசிரியரின் மரணத்தோடுதான் வாசகன் பிறக்கிறான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் றோலன்ட் பார்த் 1967இல் அறிவித்தார். இவர்கள் கூற்றுப்படி, ஒஸ்போர்ண் யாரை நினைத்தார், டெய்ஸ்லி யாரை நினைத்தார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சமே. ஆனால், ஆசிரியரை விலக்கிவிட்டால் எஞ்சுவது பனுவல். அதன் எல்லாச் சொற்களுக்கும் பொருந்துவதே நல்ல விளக்கம். கரைசல் என்ற விளக்கம் தொடக்கத்து மது வகைகளுக்கும், நடுவிலுள்ள ஏக்கத்துக்கும், இறுதி வினாவுக்கும் பொருந்துகிறது. தீர்வு என்ற விளக்கம் ஓர் அடிக்கு மட்டுமே நன்கு பொருந்துகிறது. எனவே முதலாவது விளக்கமே வலிமையானது என்பேன். இருந்தும் மற்றப் பொருள் தலைப்பிலே இல்லை என்று சாதிக்க முடியாது. அது இருப்பதனால்தான் தலைப்புக்கு அந்தக் கூர்மை வந்தது. இருமுனைக் கத்தியைச் செய்தவர், அதற்கு ஒரு முனைதான் உண்டு என்று சொல்ல இயலாது.

ஓஸி ஒஸ்போர்ண் 2025 ஜூலை 22இல் காலமானார். அதற்கு இரண்டரை வாரங்களுக்கு முன்புதான், பிறந்த ஊரான பேர்மிங்ஹாமிலே பழைய நண்பர்களோடு இறுதியாக மேடையேறினார். டெய்ஸ்லியின் எச்சரிக்கைக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் வாழ்ந்துவிட்டார்.

பெற்றோராக இருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை இத்தகைய பாடல்களைக் கேட்டால் கதவைத் தட்டி இசையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அருகிலே அமர்ந்து, இது என்ன சொல்கிறது, உனக்கு இதிலே எந்த வரி பிடிக்கும் என்று கேளுங்கள். பிள்ளை தரும் விளக்கத்திலே பாடலை விடப் பிள்ளையின் மனமே அதிகம் தெரியும். அங்கே சோர்வு தெரிந்தால் அந்தப் பேச்சை நிறுத்தாதீர்கள். உதவக்கூடியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாட்டுக்குப் பல பொருள் இருக்கலாம். அதைக் கேட்கும் பிள்ளை தனியே இருந்துதான் பொருள் காண வேண்டும் என்றில்லை.