கோவிந்தா கணக்கு

எங்கள் டீக்கடைப் பற்று நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வீட்டுக்காரர் வைத்த பெயர் 'கோவிந்தா கணக்கு'. முன்பக்கங்களில் ஆள் பெயர் இருக்கும். மேஸ்திரிக்கு இத்தனை டீ, பள்ளிக்கூடத்து ஆயாவுக்கு இத்தனை பன் என்று. கடைசிப் பக்கத்தில் பெயரே கிடையாது. 'சிவப்புச் சட்டை 150.' 'கைப்பிள்ளைக்காரி 60.' 'பெட்ரோல் தீர்ந்த பையன்கள் 200.' பணம் திரும்பி வந்தால் அதன் மேல் ஒரு கோடு கிழிப்பேன். கோடுகள் குறைவுதான். பெட்ரோல் பையன்கள் மறுநாளே ஜீபேயில் போட்டுவிட்டார்கள், கூடவே ஒரு கும்பிடு பொம்மையும்.

சேர்வராயன் மலையில் வாழவந்தி என்ற ஊரில், பஸ் நிற்கிற இடத்தில் கடை வைத்திருப்பவளுக்கு இந்தப் பக்கம் இல்லாமல் தீராது. சுற்றிப் பார்க்க வந்து வழி தவறியவர்கள், காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வேலை தேடி வருகிறவர்கள், கோயிலுக்கென்று ரசீது புத்தகத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது டீக்கடையில்தான்.

ஒரு கார்த்திகை மாதம் காலையிலேயே ஒருவன் வந்தான். அம்மா இறந்துவிட்டாள், தர்மபுரி போகவேண்டும் என்று அழுதான். 500 ரூபாய் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பால் வண்டிக்காரர் சொன்னார், அதே ஆள் அதே அம்மாவை ஏற்காட்டில் போன வாரமும் சாகடித்தானாம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் எரிச்சல்.

அன்று சாயங்காலம் பனி இறங்கிய நேரம். வேட்டி நனைந்த பெரியவர் ஒருவர், "ஆயா, பஸ்ஸுக்கு ஒரு நாப்பது ரூபா இருக்குமா?" என்றார். காலைக் கோபம் உள்ளே இருந்தது. "சில்லறை இல்லீங்க" என்றேன். கல்லா நிறையச் சில்லறை. அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. தூறலில் ஏற்காட்டுப் பக்கம் நடந்து போனார்.

அவர் சொன்னது நிஜமா பொய்யா, இன்றுவரை தெரியாது. ஆனால் 500 ரூபாய்க்காரன் முகம் மறந்துவிட்டது. இவர் முதுகு மறக்கவில்லை. ஏமாந்த கணக்கைத்தான் எழுதி வைத்திருந்தேன், மறுத்த கணக்குக்கு நோட்டில் இடமே இல்லை. மறுநாள் எழுதினேன்: 'பெரியவர் 40, கொடுக்கவில்லை.'

'பாத்திரம் அறிந்து பிச்சை இடு' என்பார்கள். வடைச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும்போது, பஸ் ஹாரன் அடிக்கும்போது, பத்து விநாடியில் எந்தப் பாத்திரத்தை அறிவது? வள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, கேட்கிறவனுக்கு 'இரவு', 'இரவச்சம்' என்று இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். ஒன்றில் கேட்கலாம் என்கிறார், அடுத்ததிலேயே கேட்காதே என்கிறார். அவருக்கே அப்படியென்றால் டீக்கடைக்காரி என்ன செய்வாள்!

எங்கள் மலையாளிச் சனம் (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்லிக்கொள்வோம்) காஞ்சிபுரத்திலிருந்து வந்தது என்றுதான் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அண்ணன் தம்பிகள் பிரிந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று தங்கினார்களாம். ஊர்ப் பெயரும் வாழ வந்தவள் என்பது போலவே ஒலிக்கிறது. வந்தவர்களைப் பார்த்து நாங்கள் ரொம்பத்தான் முறைக்க முடியாது.

"காசு கொடுத்தா குடிச்சிருவான்" என்பது வீட்டுக்காரரின் கட்சி. கோயம்புத்தூரில் எம்.ஏ. படித்த மகள் அதற்கு ஒரு பதில் கொண்டுவந்தாள். ஏழைக் குடும்பங்களுக்கு உதவியைப் பணமாகவே கொடுத்த திட்டங்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா பொபோவா இருவரும் 2014-ல் திரட்டிப் பார்த்தார்களாம். குடிக்கும் புகையிலைக்கும் செலவு பொதுவாகக் கூடவில்லை. "அது வீடு வாசல் இருக்கறவங்களுக்குக் கொடுத்த காசு, பஸ் ஸ்டாப்புல கேக்கறவனுக்கு இல்ல" என்றார் வீட்டுக்காரர். அதுவும் சரிதான். ஆனாலும் 'குடிச்சிருவான்' என்பதை இப்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்.

எங்கள் வீட்டைப் போலவே சட்டமும் இதில் ஒரே கட்சியாக இல்லை. பிச்சை எடுப்பதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1945-லேயே சட்டம் வந்துவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமோ 2018-ல், பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகள் அங்கே செல்லாது என்றது. தெருவில் கேட்கிறவர்களை அப்புறப்படுத்தச் சொல்ல மாட்டோம், வேறு வழியில்லாமல்தான் கேட்கிறார்கள் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அந்த நாற்பது ரூபாய்ப் பெரியவர் நடந்து போன பிறகு என் வழக்கம் மாறியது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வாரம் நூறு ரூபாய், எல்லாம் பத்து ரூபாய்த் தாளாகப் போட்டுவைப்பேன். போனால் போகட்டும் என்று முன்னாலேயே முடிவு செய்த பணம், அதனால் கேட்கிறவர்களிடம் போலீஸ் மாதிரி விசாரிப்பதில்லை. பஸ் காசு என்றால் கண்டக்டரிடம் நானே டிக்கெட் வாங்கிவிடுவேன். பாட்டில் காலியானால் டீயும் பன்னும்தான். குழந்தையைக் கேட்க அனுப்பினால் மட்டும் காசு தரமாட்டேன். குழந்தைக்குச் சாப்பாடு, பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன்.

ஆஸ்பத்திரி ஃபைலோடு வருகிறவர்களிடம் பணத்தைவிட ஒரு கேள்விதான் பயன்படுகிறது. ஒரு பையன் அப்பாவின் ஆபரேஷனுக்கு என்று வந்தான். "காப்பீட்டு அட்டை இருக்கா தம்பி?" என்றேன். விழித்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரையும் எடுத்துக்கொண்டு சேலம் கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்துக்குப் போ என்று எழுதிக் கொடுத்தேன். பாட்டிலிலிருந்து வழிச்செலவும். அட்டை வாங்கினானா, தெரியாது.

போனில் கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் இரக்கம் கிடையாது. "அக்கா, தப்பா உங்க நம்பருக்கு ரெண்டாயிரம் போட்டுட்டேன், ஆஸ்பத்திரி காசு" என்று குரல் நடுங்கும். வந்ததாகக் காட்டும் மெசேஜை நம்பாதீர்கள், கணக்கில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். நமக்குப் பணம் வரவேண்டுமானால் ரகசிய பின் (PIN) நம்பர் போட வேண்டியதே இல்லை. தெரியாமல் போட்டுவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

இந்தப் பக்கம் வந்து பர்ஸைத் தொலைத்தீர்கள் என்றால் கடை ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும். கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள், அடுப்பில் பால் இருக்கும்.