தாகத்திற்குத் தண்ணீரே மருந்து



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கபெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது ஒரகடம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இந்த ஊரில் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் செய்யும் பெரிய ஆலைகள் இயங்குகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த வாலிபர்கள் அங்கே ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் இப்படி உழைப்பவர்கள் களைப்புத் தீரக் கையில் எடுப்பது பெரும்பாலும் குளிர்ந்த ‘கலர்’ பாட்டிலைத்தான். நம் வீடுகளிலும் விருந்தாளிக்குக் கலர் வாங்கிக் கொடுப்பதே மரியாதை என்று எண்ணுகிறோம். இந்தப் பழக்கம் நம் சரீரத்தை என்ன செய்கிறது என்று சற்றுப் பார்ப்போம்.

கலரில் என்ன இருக்கிறது?

வெறும் சோடா என்பது கரியமில வாயு அடைத்த தண்ணீரே; அதில் சர்க்கரை இல்லை. கெடுதல் செய்வது இனிப்புச் சேர்த்த கலர்தான். வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லி குடித்தால் 30 கிராமுக்கு மேல், அதாவது ஆறு ஏழு டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. காப்பி, டீயில் போடுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

சோறு சாப்பிட்டால் வயிறு நிறைந்தது தெரியும். குடிக்கும் சர்க்கரையில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகையால் எடை கூடுகிறது. நாளடைவில் நீரிழிவு வியாதி வரும் வாய்ப்பும் கூடுகிறது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது.

2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, பெப்சி, கோக் ஆகியவற்றை மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பலர் உள்நாட்டுக் கலருக்கு மாறினார்கள். உள்ளூர் வியாபாரத்திற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் சரீரத்திற்குக் கம்பெனியின் பெயர் தெரியாது. எந்தப் பாட்டிலில் வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

வெயிலில் உழைப்பவருக்கு ஏன் ஆபத்து?

வியர்வையாக நீர் வெளியேறும்போது, மிச்சமுள்ள நீரைக் காக்கச் சிறுநீரகம் கடினமாக வேலை செய்கிறது. சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. கல் உண்டாக இதுவே ஏற்ற நிலை. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளிகளைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறன் குறைந்திருந்ததாக 2023-இல் தெரிவித்தார்கள்.

இந்த நிலையில் தண்ணீருக்குப் பதில் கலர் குடித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 பேரை 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 4 மணி நேரம் உழைக்கச் செய்தார்கள். ஒரு நாள் தண்ணீர், வேறொரு நாள் காஃபீன் கலந்த இனிப்புக் குளிர்பானம் என்று சுமார் 2 லிட்டர் கொடுத்தார்கள். குளிர்பானம் குடித்த நாளில் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் அடையாளங்கள் இரத்தத்தில் கூடியிருந்தன. 2019-இல் வெளியான இது சிறிய ஆய்வே. ஆயினும் உழைத்துக் களைத்தவனுக்குக் கலர் தண்ணீருக்கு ஈடாகாது என்பதை அது நன்றாக உணர்த்துகிறது.

குடிக்கத் தடையாக இருப்பது எது?

“தண்ணீர் குடியுங்கள்” என்று புத்தி சொன்னால் மட்டும் போதாது. கழிப்பறை தூரத்திலோ அசுத்தமாகவோ இருந்தால், அல்லது வேலையை விட்டு நகர முடியாவிட்டால், முக்கியமாகப் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இது வழி திறந்துவிடுகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, குடிநீரும் கழிப்பறையும் எளிதில் சென்றடையும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றும் விதித்தது. தண்ணீரும் கழிப்பறையும் சேர்ந்தே கிடைக்க வேண்டியவை.

நாம் செய்யக் கூடியவை

1. தினமும் கலர் குடிப்பவர்கள் முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒரு முறை என்று குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள்.

2. வெயிலில் வேலை செய்கிறவர்கள் 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டாம். அளவு மீறினால் அதுவும் தீங்கே.

3. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் நல்லது. கருமஞ்சளானால் உடனே தண்ணீர் தேவை.

4. ருசி வேண்டுமானால் நீர்மோர், சர்க்கரை போடாத எலுமிச்சம்பழச் சாறு, பானைத் தண்ணீரில் ஊறிய சீரகம் இருக்கின்றன.

5. இருதய வியாதியோ சிறுநீரக வியாதியோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

அடுத்த முறை சபையிலோ வீட்டிலோ விசேஷம் நடக்கும்போது, கலர் பெட்டிகளுக்குப் பதிலாகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் நீர்மோரும் வையுங்கள். தண்ணீர்ப் பந்தல் அமைப்பது நம் ஊரின் பழைய வழக்கம். கோடையில் உங்கள் தெருமுனையில் மூடியிட்ட பானை ஒன்றையும் கைப்பிடியுள்ள மொள்ளும் பாத்திரம் ஒன்றையும் வைத்தால், ஷிப்டு முடிந்து வரும் வாலிபர்களில் சிலராவது அன்று கலர் வாங்காமல் போவார்கள்.