பைசாந்தியத் துறவுமடங்களின் ஈய முத்திரைகள்: ஓர் அறிமுக நோக்கு

முன்னுரை

பைசாந்தியப் பேரரசில் மடல்களை மூடிக் காக்கவும் ஆவணங்களின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யவும் ஈய முத்திரைகள் பயன்பட்டன. பேரரசர் தம் உயரிய ஆணைகளுக்குப் பொன் முத்திரையைப் பயன்படுத்தினார். அதிகாரிகள், ஆயர்கள், துறவியர் முதலியோர்க்கு ஈயமே உரியதாயிற்று. இம்முத்திரைகளுள் துறவுமடங்களுக்குரியன, தனிமனித அடையாளத்தினின்று நிறுவன அடையாளம் எவ்வாறு வேறுபட்டு நின்றது என்பதைக் காட்டுகின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்திரை இடும் முறை

உள்ளே துளையோடிய வட்ட ஈய வில்லை ஒன்றில் ஆவணத்தின் கயிறு கோக்கப்படும். அவ்வில்லை, இடுக்கி போன்ற இரும்புக் கருவியின் இரு முகங்களுக்கிடையே வைத்து அழுத்தப்படும். அம்முகங்களில் உருவும் எழுத்தும் இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒரே அழுத்தத்தில் வில்லையின் இருபுறமும் பதிவுகள் தோன்றும், கயிறும் இறுகும். முத்திரையைச் சிதைக்காமல் கயிற்றை உருவ இயலாது.

தனியாளும் நிறுவனமும்

அதிகாரி ஒருவர் பதவி உயர்வு பெற்றால் புதிய பட்டத்துடன் புதிய முத்திரைக் கருவியைச் செய்துகொள்வது வழக்கம். மடத்தலைவர்களுள்ளும் சிலர் தம் பெயர் பொறித்த முத்திரைகளைக் கொண்டிருந்தனர். ஆனால் வேறு சில முத்திரைகளில் எவர் பெயரும் இல்லை. ஒருபுறம் மடத்தின் காவல் புனிதரின் உருவும் மறுபுறம் மடத்தின் பெயருமே அமைந்துள்ளன. பைசாந்திய மடங்கள் நிலமும் பிற உடைமைகளும் கொண்டிருந்தவை. தலைவர் மறைந்தாலும் மடத்தின் உரிமை மறைவதில்லை. பெயரற்ற முத்திரை அத்தொடர்ச்சிக்குச் சான்றாகிறது எனலாம்.

அடையாளம் காண்பதில் சிக்கல்

புனிதரின் உருவை மட்டும் கொண்டு மடத்தை அறுதியிடல் பொருந்தாது. கான்ஸ்டான்டிநோபிள் நகரிலேயே, 5ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஸ்டூடியோஸ் மடமும் பெட்ரா மடமும் திருமுழுக்கு யோவானுக்கே உரியனவாக இருந்தன. ஆதலின் யோவான் உருவும் பெயரும் மட்டுமுள்ள முத்திரையை, புகழ்மிக்கது என்பதற்காக ஸ்டூடியோசுக்கு உரியதாக்குவது பிழையாகக்கூடும். பொறிப்பில் இடப்பெயர் உள்ளதா, முத்திரை எங்குக் கிடைத்தது, எழுத்தமைதி எக்காலத்தது என்னும் மூன்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும். பல முத்திரைகள் கண்டெடுத்த இடம் பதிவாகாமல் விற்பனை வழியே சேகரிப்புகளை அடைந்துள்ளமையால் இரண்டாம் சான்று பெரும்பாலும் கிட்டுவதில்லை. முத்திரைகளில் ஆண்டு குறிக்கப்படுவதும் அரிது.

முடிவுரை

ஏத்தோஸ் மலையில் 963இல் நிறுவப்பட்ட பெருலாவ்ரா போன்ற மடங்களின் ஆவணக் காப்பகங்கள் இன்றும் நிலைத்துள்ளன. அந்நற்பேறு பல மடங்களுக்கு வாய்க்கவில்லை. அவற்றின் ஏடுகள் அழிந்தன; ஏடுகளில் கட்டப்பட்ட ஈயம் எஞ்சியது. ஆவணம் இழந்த மடத்திற்கு முத்திரையே சான்றாக நிற்கும் நிலையில், அதனைத் தவறாகப் படித்தல் ஒரு மடத்தின் வரலாற்றைப் பிறிதொன்றுக்கு உரியதாக்கிவிடும். எனவே உறுதிப்படாத முத்திரையை ‘இன்ன புனிதரின் மடம்’ என்ற அளவில் பதிவுசெய்து நிறுத்துவதே ஆய்வு நெறிக்கு ஏற்றதாகும்.