தொழிலுக்கும் யாத்திரைக்கும் ஒரே வேன்

வாரத்தில் ஆறு நாள் நூலும் துணியும் காய்கறியும் சுமந்து, ஏழாம் நாள் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு பழனிக்கோ பவானி கூடுதுறைக்கோ செல்லும் சிறு வேன்கள் இன்று நம் அங்கத்தினர் பலருடைய வாயில்களில் நிற்கின்றன. ஒரே வண்டி இரு பணிகளையும் செய்வது சிக்கனமே. ஆயினும் சனிக்கிழமை மாலையில் அவ்வண்டியின் பின்கதவைத் திறந்து நோக்குவோர், பாவு உருண்டையின் கீழே ஸ்பானர்களும், அதன்மேல் தெளிப்பானின் குழாயும், மூலையில் பாதி தீர்ந்த பூச்சி மருந்துப் புட்டியும், அதனருகே சென்ற யாத்திரையில் மறந்துவிட்ட குழந்தையின் பால் டம்ளரும் கிடக்கக் காண்பர். இடம் போதாமையே இதற்குக் காரணம் என்று கூறுவது வழக்கம். உண்மை அதுவன்று. வேனுக்குள் எதை வைக்கலாம் என்று எண்ணுகிறோமே யன்றி, எதை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று எண்ணுவதில்லை.

இவ்விஷயத்தில் ஜெர்மானியர் செய்த ஏற்பாடு ஒன்று நாம் அறியத்தக்கது. 1947-ஆம் ஆண்டில் பென் பொன் என்னும் டச்சு வியாபாரி தம் குறிப்புப் புத்தகத்தில் பெட்டி போன்ற ஒரு வண்டியின் படத்தை வரைந்தார். அதிலிருந்து பிறந்த வோக்ஸ்வாகன் வேன் 1950 மார்ச் மாதத்தில் உற்பத்திக்கு வந்தது. எஞ்சின் பின்புறம், ஓட்டுபவர் முன்புறம், சுமை நடுவில், இரு அச்சுகளுக்கும் இடையே. போரினால் நலிந்திருந்த அந்நாட்டில் வேலைக்கு ஒரு வண்டி, விடுமுறைக்கு வேறொரு வண்டி என வாங்கும் வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை. வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் 1950-களின் தொடக்கத்திலேயே இவ்வேனுக்கென்று 'கேம்பிங் பாக்ஸ்' என்னும் முகாம் பெட்டியைச் செய்து விற்றது. படுக்கையாக விரியும் இருக்கை, அலமாரி, சிறு அடுப்பு ஆகியவை அதில் அடங்கும். விடுமுறை வந்தால் பெட்டியை உள்ளே ஏற்றுவர். வேலை நாள் வந்தால் இறக்கி வைத்துவிட்டுச் சரக்கு ஏற்றுவர். பின்னாளில் எல்லாவற்றையும் நிலையாகப் பொருத்திய உல்லாச வண்டிகளே புகழ் பெற்றன. நம் போன்றோருக்கு அவற்றினும் அப்பழைய பெட்டியே மேலானது என்பது எம் கருத்து. வண்டிக்குள் தட்டுகளை ஆணியடித்துப் பொருத்திவிட்டால், தறியின் அச்சைக் கொண்டுபோகும் நாளில் அத்தட்டுகளே இடையூறாகும்.

நம் ஊர்த் தச்சரைக் கொண்டு இரண்டு பெட்டிகள் செய்துகொள்ளலாம். ஒன்று தொழிற்பெட்டி, மற்றொன்று யாத்திரைப் பெட்டி. இரண்டும் ஒரே அளவினவாய் இருத்தல் வேண்டும். ஒன்றை இறக்கினால் மற்றொன்று அதே இடத்தில் அமரும். கட்டும் பட்டையும் கொக்கியும் மாறா. அளவெடுக்கும்போது தரையின் அகலத்தை மட்டும் அளப்பது போதாது. சக்கரத்தின்மேல் உள்ள மேடும், கதவு திறக்கும் வழியுமே உண்மையான அளவைத் தீர்மானிப்பவை. உயரம் இருக்கையின் உயரத்தைத் தாண்டலாகாது. 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை போதும். கனமான பலகை வண்டியின் சுமையையே வீணாக உயர்த்தும். நிறைந்த பெட்டியை இருவர் தூக்கி இறக்க முடிய வேண்டும். ஆதலின் 25 கிலோவுக்கு மேல் போகாதிருப்பது நலம். தரையில் வளையம் பொருத்தத் துளையிடுமுன், அடியில் பெட்ரோல் தொட்டியும் குழாயும் எங்கே செல்கின்றன என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். 1984 முதல் 2019 வரை உற்பத்தியான மாருதி ஆம்னி இன்னும் பலரிடம் உண்டு. அதில் எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் இருப்பதால், அவ்விடம் சூடேறும் என்பதையும் மறக்கலாகாது.

பெட்டிக்குள் வைப்பவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் தொழில் அவரவருக்குத் தெரியும். தினமும் கைபடுவது கதவருகே இருக்கட்டும். கனமானவை தரையிலும், லேசானவையான பாய், போர்வை முதலியன மேலேயும் இருக்கட்டும். அச்சினை நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் பல் வளையும். துணியில் சுற்றிப் பக்கச் சுவரோரம் நீளவாக்கில் கட்டி வைப்பதே முறை. பட்டுச் சேலையையும் வெங்காய மூட்டையையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள். நாற்றம் பட்டில் ஏறினால் வியாபாரியிடம் பேச்சு வளரும். சிறு சாமான்களுக்கு, தறியில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு பல பைகள் வைத்த திரையொன்று தைத்து இருக்கையின் பின்புறம் தொங்கவிடலாம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தட்டுகளைவிட இது உழைக்கும். குலுங்கி ஓசையும் எழுப்பாது.

கட்டுதல் என்பது வண்டி குலுங்கினால் சாமான் உருளாமல் இருப்பதற்கு மட்டுமன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேன் எதிலேனும் மோதி அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுமாயின், உள்ளேயுள்ள 10 கிலோப் பெட்டியை அதன் இடத்திலேயே பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 200 கிலோ எடையைத் தாங்கும் கட்டு வேண்டும். சணற்கயிறு அதற்கு ஆகாது. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இறுக்குப் பட்டையே தகும். 20 லிட்டர் தண்ணீர்க் கேனை இருக்கையின் பின்னே கட்டாமல் வைத்து, முன்னே குழந்தைகளை உட்காரவைக்கும் வழக்கத்தைப் பல ஊர்களில் காண்கிறோம். கேன் 20 கிலோ என்பதை எவரும் எண்ணுவதில்லை. அன்றியும் கனமான சுமை யாவும் பின்கதவை ஒட்டிக் குவிந்தால் முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்து, ஸ்டியரிங் பிடிப்பற்றுப் போகும்.

இனி, பூச்சி மருந்து. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவு உண்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்மாவில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எவரும் வேண்டுமென்று கலக்கவில்லை. உணவும் நஞ்சும் ஒரே இடத்தில் ஏற்றப்பட்டு வந்ததன் விளைவு அது. இதன் பின்னரே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் பூச்சிக்கொல்லி நேரே படும்படி ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று 1971-ஆம் ஆண்டின் விதிகள் விதிக்கின்றன. கப்பலில் நிகழ்ந்தது வேனில் நிகழாது என்று எண்ணுவதற்கில்லை. மூடி தளர்ந்த புட்டி ஒன்று சாய்ந்தால், மருந்து ஒட்டுப்பலகையிலும் விரிப்பிலும் ஊறிவிடும். மேலே துடைத்தால் ஈரம் போகும், ஊறியது போகாது. மறுநாள் அதே தரையில் சோற்று மூட்டையை வைத்து, அதே விரிப்பில் குழந்தையைப் படுக்கவைக்கிறோம். சாயப் பொடிகளையும் காஸ்டிக் சோடாவையும் ஏற்றுகின்ற நெசவாளருக்கும் இது பொருந்தும்.

குடும்பம் ஏறும் வேனில் பூச்சி மருந்தை ஏற்றாதிருப்பதே முதன்மையான வழி. சங்கத்தின் லாரி வரும் ஊராயின், இரண்டு நாள் பொறுத்து அதிலேயே வரவழைக்கலாம். தவிர்க்க இயலாதபோது, பூட்டக்கூடிய மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள். அடியில் நான்கு விரற்கடை உயரம் உலர்ந்த மணலைப் பரப்பி, புட்டிகளை நிமிர்த்தி வையுங்கள். அத்தொட்டி மேற்சொன்ன இரு பெட்டிகளில் எதற்குள்ளும் செல்லக்கூடாது. அன்றிரவே வண்டியை விட்டு இறங்க வேண்டும். காலிப் புட்டியைத் தண்ணீர் மொள்ளப் பயன்படுத்துவோர் இன்றும் இருக்கின்றனர். அதனால் இதையும் எழுத நேர்கிறது.

சமையலுக்குச் சிறு எரிவாயு சிலிண்டர் கொண்டுசெல்வோர் அதை நிமிர்த்திக் கட்டி, அடுப்பை வண்டிக்கு வெளியே மூட்டுவாராக. அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும்.

முடிவாக, பதிவுச் சான்றிதழை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இதுகாறும் கூறியவை ஆட்கள் ஏறுவதற்கு இருக்கையுள்ள வண்டிகளுக்கே உரியவை. சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியின் பின்புறத்தில் உறவினரை ஏற்றிச் செல்வது சட்டத்துக்கு மாறானது. அவ்வாறு சரக்கு வண்டியில் இலவசமாகச் சென்றவருக்கு விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பன்று என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான்றிதழிலுள்ள வகை விளங்காவிடில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னர் தச்சரிடம் பெட்டிக்கு அளவு கொடுக்கலாம்.