பத்து வெள்ளி எங்கே போகிறது?

உலு யாமில் என்னைக் கண்டால் மாமாமார் கேட்பது ஒன்றுதான்: "ஏம்மா, மலையிலே எந்த நம்பர் அதிகமா விழுது?" வாராவாரம் நாலு நம்பர் கடையில் காசு கட்டுகிறவர்கள் அவர்கள். கேசினோவில் டீலராக நிற்கிற பெண்ணுக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று மனசார நம்புகிறார்கள். அங்கே ரகசியம் எதுவும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. அதை அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேசினோ இருக்கும் கெந்திங் மலை எங்களுக்குத் தூரமில்லை. பத்தாங் காலி போய் மலைச்சாலையில் ஏறினால் கோத்தோங் ஜெயா, அதற்கும் மேலே உச்சி. 2022 டிசம்பர் 16 விடியற்காலை அந்தச் சாலையோரம் மண் சரிந்து, கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். சாலையை மூடிவிட்டதால் நாங்கள் பத்து (Batu) அணைப் பக்கமாகச் சுற்றி வேலைக்குப் போனோம். அந்த மலையில் 1965-இல் காட்டை வெட்டிச் சாலை போடத் தொடங்கியவர் லிம் கோ தோங். 1969-இல் கேசினோ உரிமம் கிடைத்தது, 1971-இல் முதல் ஹோட்டல் திறந்தது. மலேசியாவில் சட்டப்படி நடக்கும் கேசினோ இன்றும் அது ஒன்றுதான். முஸ்லிம்களும் 21 வயது ஆகாதவர்களும் உள்ளே போக முடியாது.

டீலருக்குக் கைதான் எல்லாம். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் புண்ணாகிவிடும் என்பார். சிப்ஸ் பிடிக்கப் பழகிய நாட்களில் அந்தக் கைப்பக்குவம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இருபது சிப்ஸ் ஓர் அடுக்கு. அதை விரலாலேயே ஐந்தைந்தாகப் பிரித்து மேசையில் பரப்ப வேண்டும், மேலே இருக்கும் கேமராவுக்கு எண்ணிக்கை தெரியும்படி. மேசையை விட்டு நகரும்போது இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போகலாம்.

கையோடு வாய்பாடும் ஓட வேண்டும். ரூலெட்டில் ஒரே எண்ணில் வைத்த சிப்ஸுக்கு 35 மடங்கு, இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்ததற்கு 17, நான்கு எண்கள் கூடும் மூலையில் 8. ஜெயித்த எண்ணில் நேராக 3, கோட்டில் 4, மூலையில் 2 சிப்ஸ் கிடந்தால் 105, 68, 16, ஆக 189. ஆட்கள் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது இதை மனத்துக்குள் கூட்டி, தப்பில்லாமல் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

இப்போது மாமாமாருக்கு. ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் மொத்தம் 37 எண்கள். எல்லா எண்ணிலும் பத்துப் பத்து வெள்ளி வையுங்கள், 370 வெள்ளி ஆகிறது. ஏதோ ஓர் எண் கட்டாயம் விழும். அதற்கு 350 வெள்ளியும் நீங்கள் வைத்த பத்தும் சேர்ந்து 360 கைக்கு வரும். மிச்சப் பத்து வெள்ளி மேசையோடு நின்றுவிட்டது. நூற்றுக்கு 2 வெள்ளி 70 காசு. யாரும் ஏமாற்றவில்லை, சக்கரத்தில் சூட்சுமமும் இல்லை. சிவப்பு ஐந்து தடவை விழுந்தால் அடுத்தது கறுப்புதான் என்று அடித்துச் சொல்வார்கள். ஆறாவது சுற்றிலும் இரண்டுக்கும் அதே வாய்ப்புதான். பாக்கராட் மேசையில் பேங்கர் பக்கம் ஜெயித்தால் வழக்கமாக நூற்றுக்கு ஐந்து கழித்துக்கொண்டு கொடுப்பதும் இதே மாதிரி கணக்குதான். ஒரு ராத்திரியில் யாரும் ஜெயிக்கலாம், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஆட ஆட அந்த 2 வெள்ளி 70 காசு உங்களை அரித்துக்கொண்டே இருக்கும்.

சம்பளம் போட்ட வாரம் நம்மவர்கள் வந்து உட்காருவார்கள். "போதும் அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்று தொண்டை வரைக்கும் வரும். டீலர் அப்படிச் சொல்லக் கூடாது. அடுத்த ஆட்டத்துக்குக் கையை விரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலையில் ராத்திரி ஷிப்டும் கால் வலியும் பழகிவிட்டன. இது மட்டும் பழகவில்லை.

வேலைக்கு வரலாமா என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம், கைத்தொழில் இது. மனக்கணக்கும் ஆங்கிலமும் வேண்டும், மாண்டரினில் எண்களாவது தெரிந்தால் நல்லது.

ஆட்டத்தை விட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தன்னை இனி உள்ளே விட வேண்டாம் என்று கேசினோவிலேயே எழுதிக் கொடுக்கலாம். எங்கே, யாரிடம் கேட்பது என்று கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள் மாமா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.