துகளின் அளவு சொல்லும் சேதி

மே மாதப் புழுதிக்காற்றில் டெல்லி வானம் மங்கும். நவம்பர் புகைமூட்டத்திலும் மங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். காற்றில் மிதக்கும் துகள்களை அளந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களை பிஎம் 10 என்றும், அவற்றுள் 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவற்றை பிஎம் 2.5 என்றும் கணக்கிடுகிறார்கள். மண்ணும் கல்லும் தேய்ந்து எழும் தூசி பெரும்பாலும் பருமனானது. எரிப்பதால் வருவது மிக நுண்ணியது. ஆகவே பிஎம் 10-ல் பிஎம் 2.5-ன் பங்கைப் பார்த்தாலே மாசு எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். தார்ப் பாலைவனப் புழுதி வரும் கோடையில் அந்தப் பங்கு குறையும். குளிர்காலத்தில் கூடும்.

நுண்துகள்களில் ஒரு பகுதி புகைபோக்கியிலிருந்து துகளாக வருவதே இல்லை. அனல்மின் நிலையம் கக்கும் கந்தக டை ஆக்சைடும், வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளும், உரமிட்ட வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியாவும் காற்றிலேயே வினைபுரிந்து சல்பேட், நைட்ரேட் துகள்களாகின்றன. இவற்றில் பெரும்பாலானவை 0.1 முதல் 1 மைக்ரான் வரையான அளவுக்கு வந்து நிற்கும். அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதாகிவிடும். பருமனானவை தம் எடையாலேயே விரைவில் தரையிறங்கும். இடைப்பட்டவையோ மழை வந்து கழுவும்வரை நாள்கணக்கில் மிதக்கும், மாநிலம் தாண்டும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாளை எரித்த புகை டெல்லிக்கு வருவது இப்படித்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் முன்னின்று நடத்திய 1999-ம் ஆண்டு ஆய்வில், இந்தியப் பெருங்கடலின் மேலேயே பழுப்பு மூட்டம் பரந்து கிடப்பது தெரியவந்தது.

பருமனான தூசியில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40.

2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமோ நகரங்களின் முன்னேற்றத்தை முக்கியமாக பிஎம் 10-ஐ வைத்தே மதிப்பிட்டு வந்திருக்கிறது. சாலையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால் பிஎம் 10 இறங்கும். அனல்மின் நிலையப் புகையும் அண்டை மாநிலப் புகையும் அதனால் குறையாது. உங்கள் ஊரில் தூசி குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தால், பிஎம் 2.5 எவ்வளவு என்று கேளுங்கள்.