பழைய பகையும் பழைய கடதாசிகளும்

பத்திரிகையாளனாக விரும்பும் மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வினவினான்: "எங்கள் குடும்பத்துக்குத் தீங்கிழைத்தவரைப் பற்றி நாங்களே ஆராய்ந்து எழுதலாமா, ஐயா?" உடனே விடை கூற இயலவில்லை. ஐடா டார்பெல் அம்மையாரின் நினைவே வந்தது.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுப் பிரதேசத்திலே வளர்ந்தவர் அவர். தந்தையார் எண்ணெய்த் தொழிலிலே சிறு முதலாளி. 1872ஆம் ஆண்டில் றொக்பெல்லரும் வேறு சில சுத்திகரிப்பாளரும் புகையிரதக் கம்பெனிகளோடு இரகசிய உடன்படிக்கை செய்தனர். ஏனையோரிடம் கூடுதற் கட்டணம் அறவிடப்படும். அதிலும் ஒரு பங்கு இக்கூட்டத்தாரையே சேரும். செய்தி கசிந்ததும் அப்பிரதேசமே கொதித்தெழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் பதினான்கு வயதுச் சிறுமியின் உள்ளத்தில் வடு நின்றுவிட்டது.

முப்பது ஆண்டுகளின் பின்னர், 'மக்கிளூர்ஸ்' சஞ்சிகைக்காக றொக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பெனியைப் பற்றி எழுத முற்பட்டார். சஞ்சிகையையே அழித்துவிடுவார்கள் எனத் தந்தையார் தடுத்தார். அவரோ நீதிமன்றச் சாட்சியங்களையும் விசாரணை அறிக்கைகளையும் தேடித் தேடிப் படித்தார். 1872ஆம் ஆண்டுத் திட்டம் பற்றிய நூலொன்றின் பிரதிகள் யாவும் அழிக்கப்பட்டுவிட்டன என்றனர் பலர். நியூயோர்க் பொது நூல்நிலையத்தில் ஒன்று எஞ்சியிருந்தது. (நூல்நிலையத்தார் வாழ்க!)

கம்பெனியின் பெருந்தலைவர்களுள் ஒருவரான ஹென்றி றொஜர்ஸையும் ஈராண்டளவு சந்தித்து வினாவினார். இதற்கிடையே, போட்டியாளரின் எண்ணெய் எங்கே போகிறதெனப் புகையிரத எழுதுவினைஞர்கள் மூலம் கம்பெனி உளவறிந்தமைக்குச் சான்றான கடதாசிகள் கிடைத்தன. அவற்றை எரிக்கும் வேலையிலிருந்த சிறுவன், தன் ஞாயிறு பாடசாலை ஆசிரியரின் பெயரை அவற்றிற் கண்டு திடுக்கிட்டு, அவரிடமே சேர்த்திருந்தான். அவரும் ஒரு சிறு எண்ணெய் வணிகர். அம்மையார் சான்றுகளை வெளியிட்டார், பெயர்களை மறைத்தார். எங்கிருந்து கிடைத்தன என்று றொஜர்ஸ் சினந்து கேட்டபோதும் சொல்லவில்லை. சந்திப்புகளும் அத்துடன் முடிந்தன.

கம்பெனியின் நேர்மையான திறமையை விளக்கவும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அவருக்கு எழுதக் கடினமாயிருந்தது அதுவாகவே இருக்கவேண்டும். 1902 முதல் 1904 வரை தொடர் வெளிவந்தது. பின்னர் அரசாங்கம் தொடுத்த வழக்கில், 1911ஆம் ஆண்டு, கம்பெனியைக் கலைக்கும் தீர்ப்பை அமெரிக்க உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆனால், 1905ஆம் ஆண்டில் றொக்பெல்லரின் குணசித்திரத்தை எழுதியபோது, நோயால் மயிரிழந்த அம்முதியவரின் முகத்தோற்றத்தையும் இழித்துரைத்தார். அங்கே சான்றுகளுக்கு வேலையில்லை; பழைய பகையே பேசியதென எனக்குத் தோன்றுகிறது. அந்த எழுத்தையும் தொடரோடு சேர்த்தே மாணவனிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.